கண்ணோட்டமும் கடமையும்

இலண்டன் மாநகரின் நாடக அரங்குகளைப் பற்றிப் பேசுவோர் எவரும் 'த மவுஸ்ட்ராப்' என்னும் நாடகத்தைக் குறிப்பிடாது விடுவதில்லை. அகதா கிறிஸ்ரி எழுதிய இந்நாடகம் 1952 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் அந்நகரிலே மேடையேறியது. 1974 இல் ஓர் அரங்கினின்று அடுத்த அரங்குக்கு மாறியபோதும் அதன் ஓட்டம் தடைப்படவில்லை. 2020 மார்ச்சிலே கொள்ளைநோய் அரங்குகள் அனைத்தையும் மூடச் செய்தபோதுதான் அது முதன்முறையாக நின்றது. மறு ஆண்டு மே மாதத்தில் மீண்டும் தொடங்கியது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்வந்து, கொலையாளி யாரென்பதை வெளியே சென்று சொல்லிவிட வேண்டாமென அவையோரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அவ்வழக்கத்தை நானும் மீறப் போவதில்லை. கொலையாளியைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அந்நாடகத்துக்கு வித்தாக அமைந்த ஒரு சிறுவனைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மாணவனாக இருந்த நாளில் அந்நாடகத்தை நூல்வடிவிலே படித்தேன். உறைபனியினாற் சூழப்பட்ட ஒரு விடுதி. அதனுள் அகப்பட்டுக்கொண்ட சில மனிதர். அவர்களுள் ஒருவர் கொலையாளி. இவ்வளவுக்கும் பின்னணியிலே பழைய துயரம் ஒன்று கிடக்கின்றது. நீதிமன்றக் கட்டளைப்படி ஒரு பண்ணையிலே வளர்க்க விடப்பட்ட மூன்று பிள்ளைகள் அங்கே கொடுமைக்கு ஆளாகின்றனர். அவர்களுள் ஒருவன் இறந்துபோகின்றான். அக்காலத்தில் இதனைக் கதையின் முடிச்சை அவிழ்ப்பதற்கு வேண்டிய ஒரு திறவுகோலாக மாத்திரமே கொண்டேன். அப்பிள்ளைக்காக ஒரு கணமேனும் நின்று இரங்கினேன் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் சென்ற பின்பே, அக்கற்பனைச் சிறுவனுக்குப் பின்னால் உண்மைச் சிறுவன் ஒருவன் இருந்தான் என்பதை அறிந்தேன். டெனிஸ் ஓநீல் என்பது அவன் பெயர்.

பாங்க் பண்ணை

டெனிஸ் நியூபோட் நகரத்துச் சிறுவன். பெற்றோராற் செவ்வனே பேணப்படாமையால் அவனும் உடன்பிறந்தார் சிலரும் நீதிமன்றக் கட்டளைப்படி அந்நகரசபையின் பொறுப்பில் விடப்பட்டனர். அது போர்க்காலம். பிள்ளைகளை ஏற்று வளர்ப்பதற்கு வீடுகள் கிடைப்பது அரிதாயிருந்தது. 1944 யூன் மாத இறுதியில் டெனிஸும், சில நாட் கழித்து அவன் தம்பி டெரன்ஸும், ஷ்ரொப்ஷயர்ப் பகுதியிலே தனித்துக் கிடந்த 'பாங்க் பண்ணை' என்னும் இடத்திற் சேர்க்கப்பட்டனர். வளர்ப்போருக்குச் சபை பணம் செலுத்தியது. ஆவணங்களைப் பொறுத்தவரையில் இரு பிள்ளைகளுக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டது.

1945 ஜனவரி 9 ஆம் நாள் அப்பண்ணையிலே டெனிஸ் இறந்தான். அப்பொழுது அவனுக்கு வயது 12. போதிய உணவின்றி அவன் மெலிந்திருந்தான். அவனுடைய முதுகிலும் மார்பிலும் அடிபட்ட காயங்கள் காணப்பட்டன. பத்து வயதுத் தம்பி டெரன்ஸ் நீதிமன்றத்தில் ஏறி, தான் கண்டவற்றைச் சாட்சியாகச் சொன்னான். வளர்ப்புத் தந்தைக்கு ஆறு ஆண்டுச் சிறையும், வளர்ப்புத் தாய்க்கு ஆறு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. அந்தத் தம்பி முதுமையடைந்த பின் 2010 இல் தம் நினைவுகளை ஒரு நூலாக வெளியிட்டார்.

இக்கொடுமையைச் செய்தவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சட்டம் அவர்களைக் கண்டு தண்டித்தது. என் மனத்தை நெடுநாள் உறுத்தியது வேறொரு செய்தி. டெனிஸ் இறப்பதற்கு முன், 1944 டிசம்பர் 20 ஆம் நாள், நியூபோட் நகரசபையிலிருந்து ஓர் இளம் பெண் இலிகிதர் அப்பண்ணைக்குச் சென்றார். பிள்ளை அங்கு சேர்க்கப்பட்டு ஏறத்தாழ ஆறு மாதம் கழிந்திருந்தது. பிள்ளை நலம் பற்றிய தனிப் பயிற்சி எதனையும் பெறாத அப்பெண், டெனிஸ் நலமாக இல்லை என்பதைக் கண்டார். அவனை வைத்தியரிடம் காட்டும்படி வீட்டாருக்குச் சொன்னார். பிள்ளைகளை அவ்விடத்தினின்றும் அகற்ற வேண்டுமென்று தம் அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார்.

அவர் கண்டது சரி. எழுதியதும் சரி. ஆயினும் நத்தார் விடுமுறை வந்தது, புத்தாண்டு வந்தது. பிள்ளையை அனுப்பியது ஒரு சபை, பிள்ளை இருந்ததோ மற்றொரு சபையின் எல்லைக்குள். யார் செல்வது, யார் அகற்றுவது என்னும் வினா கடிதமாக உருவெடுத்து மேசைக்கு மேசை சென்றுகொண்டிருந்தது. அப்பெண் பண்ணைக்குச் சென்ற நாளுக்கும் டெனிஸ் இறந்த நாளுக்கும் இடையே இருந்தவை இருபது நாட்கள். பண்ணை வாயிலை நோக்கி ஒருவர் நடந்து சென்றிருந்தால் இருபது நாட்கள் தேவையில்லை; ஒரு நாள் போதும்.

'பலர் கூடினால் பாம்பு சாகாது' என்பது நம்மவரின் பழமொழி. எல்லாரும் தடி எடுத்திருப்பதனால், அடிப்பவன் மற்றவனே என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுகின்றனர். ஒரு பிள்ளையின் பொறுப்பு இரண்டு அலுவலகங்களுக்குப் பொதுவாகும்போது பாதுகாப்பு இருமடங்காகும் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையிலோ அது பாதியாகவும் சில வேளை இல்லாமலேயும் போய்விடுகின்றது.

இச்சாவை விசாரிக்கும்படி நியமிக்கப்பட்ட சேர் வோல்ற்றர் மொங்ரன் 1945 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். பிள்ளையின் பொறுப்பை ஏற்ற ஒரு சபை, தன் சொந்தப் பிள்ளையைப் பேணுவது போல அவனைப் பேணக் கடமைப்பட்டது என்பதும், அந்த உறவு ஆளுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள உறவு என்பதும் அவ்வறிக்கையின் சாரம். சபை என்பது கட்டடமும் முத்திரையும் கொண்ட ஒரு பொருள். அதற்குக் கண்ணில்லை, கையில்லை. அப்பிள்ளையிடத்து அதன் கண்ணாகவும் கையாகவும் நிற்பவர் ஒரு பணியாளரே. அவர் சென்று பார்த்தாற்றான் சபை பார்த்தது. அவர் செல்லாதுவிடின் சபை குருடு.

வள்ளுவர் வகுத்த வரிசை

இவ்விடத்தில் நம் இலக்கியத்தில் வரும் ஒரு சொல்லை ஆசிரியர்களும் மாணவர்களும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டுமென விரும்புகின்றேன். கண்ணோட்டம் என்பது அச்சொல். இன்று நாம் இதனை 'நோக்குநிலை' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். 'என் கண்ணோட்டத்தில்' என்று தொடங்காத மேடைப்பேச்சு அரிது. பண்டைப் பொருளோ வேறு. கண் பிறர்மேற் சென்று ஓடுதலும், ஓடிய இடத்தில் நெஞ்சு இரங்குதலும் சேர்ந்ததே கண்ணோட்டம். பார்த்தல் வேறு, இரங்குதல் வேறு என்று பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கினர் நம் முன்னோர்.

திருக்குறளிலே கண்ணோட்டம் 58 ஆம் அதிகாரம். அன்புடைமையும் விருந்தோம்பலும் அறத்துப்பாலில் இல்லறத்தின் பகுதியாக வருகின்றன. கண்ணோட்டமோ பொருட்பாலில், அரசியலின் நடுவே நிற்கின்றது. அஃதாவது, வீட்டில் இருப்போரின் இயல்பான பாசமாக மட்டும் அதனைக் கருதாது, பொறுப்பில் இருப்போரின் கடமையாகவே வள்ளுவர் அதனை வைத்திருக்கின்றார். இதனினும் வியப்பு, அடுத்த அதிகாரத்தின் பெயர். 59 ஆம் அதிகாரம் ஒற்றாடல். இரக்கத்தோடு பார்த்தலைச் சொன்ன கையோடு, மறைந்து கிடக்கும் உண்மையை அறிந்துவருதலைச் சொல்கின்றார். ஒருவன் கொண்டுவந்த செய்தியை மற்றொருவன் வாயிலாகச் சரிபார்த்தே ஏற்க வேண்டுமென்பதும் அவ்வதிகாரத்திலே கூறப்படுகின்றது.

பிள்ளைகளையும் முதியோரையும் நோயாளரையும் பேணும் பணியில் இருப்போருக்கு இவ்விரு அதிகாரங்களும் அருகருகே இருத்தல் பெரும் பொருளுடையது என்று எனக்குத் தோன்றுகின்றது. ஒற்றாடல் இல்லாத கண்ணோட்டம் ஏமாறும். வாயிலிலே இன்முகத்தோடு வரவேற்று, 'பிள்ளை நித்திரை, பிறகு வாருங்கள்' என்று சொல்லும் வீட்டாரை நம்பித் திரும்பிவிடும். கண்ணோட்டம் இல்லாத ஒற்றாடலோ வெறும் பொலிஸ் வேலையாக முடியும். வறிய வீட்டுக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போகும் உத்தியோகத்தரிடம் எந்தத் தாயும் தன் மனத்தைத் திறக்க மாட்டாள். பெரும்பாலான வளர்ப்புப் பெற்றோர் நல்லவர்கள். 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நம்பும் அத்தகையோரைக் குற்றவாளிகளைப் போல நடத்துவது பெரும் பிழை. ஆயினும் நல்லவரை நல்லவரென்று அறிவதற்கும் சென்று பார்த்தே ஆக வேண்டும்.

சட்டம் பிறந்தது

டெனிஸ் இறப்பதற்கு முன்னரே, 1944 யூலையில், அலன் சீமாட்டி 'த ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பிள்ளை இல்லங்களின் நிலையைப் பற்றிப் பொதுமக்களின் கவனத்தை ஈர்த்திருந்தார். டெனிஸின் மரணம் அக்குரலுக்கு வலுவூட்டியது. கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியின் தலைவி மைரா கேர்ட்டிஸ் தலைமையில் அமைந்த குழு 1946 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இல்லங்கள் பலவற்றைச் சென்று பார்த்த அக்குழுவினர் கண்ட ஒரு காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அறிமுகமற்ற ஒருவர் உள்ளே வந்ததும் சிறு குழந்தைகள் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொள்வார்களாம். தம்மைத் தொட்டுப் பேசும்படி ஏங்கி நிற்பார்களாம். அங்கெல்லாம் அடி உதை இருந்தது என்பதில்லை. உணவு இருந்தது, உடை இருந்தது, கட்டில் இருந்தது. 'இவன் என்னுடைய பிள்ளை' என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இதன் பயனாக 1948 இல் பிள்ளைகள் சட்டம் நிறைவேறியது. ஒவ்வோர் உள்ளூராட்சிச் சபையும் பிள்ளைகளுக்கென ஓர் உத்தியோகத்தரை நியமிக்க வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. பொறுப்பு ஒரு பெயருக்கு உரியதாயிற்று. அப்பணிக்குப் பயிற்சி வேண்டும் என்பதையும் கேர்ட்டிஸ் குழு முன்னரே, தன் இடைக்கால அறிக்கையிலே வற்புறுத்தியிருந்தது. இரக்கமுள்ள நெஞ்சு இருந்தாற் போதும், மற்றவை தாமே வந்துசேரும் என்ற பழைய எண்ணம் அத்துடன் மாறத் தொடங்கியது.

சட்டம் பிறந்தால் துயரம் தீர்ந்துவிடும் என்று எண்ணினால் அது பேதைமை. அரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் நிகழ்ந்ததை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

பெயரறியாப் பிள்ளை

விக்ரோறியா கிளிம்பியே ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ற் நாட்டிலே 1991 இற் பிறந்தவள். ஐரோப்பாவிற் படிப்பிக்கின்றேன் என்று வாக்களித்த உறவுப் பெண் ஒருத்தியோடு, நல்ல கல்வியை விரும்பிய பெற்றோர் அவளை அனுப்பிவைத்தனர். பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுப் படிப்பிக்கும் வழக்கம் நமக்கும் புதியதன்று; ஆதலால் அப்பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலிற் பாரிஸ் புறநகர் ஒன்றிலே வாழ்ந்தபோது, அவள் பள்ளிக்கு ஒழுங்காக வராமையைப் பள்ளியார் கவனித்து அதிகாரிகளுக்கு அறிவித்தனர். 1999 ஏப்ரலில் அவள் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டாள். அங்கே ஒரு நாளேனும் அவள் பள்ளிக்கூடத்திற் சேர்க்கப்படவில்லை. தினமும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு ஓர் ஆசிரியர் இல்லாமற் போனார்.

2000 பெப்ரவரி 25 ஆம் நாள் எட்டு வயதில் விக்ரோறியா இறந்தாள். அவள் உடலில் 128 காயங்களும் தழும்புகளும் இருந்தன. அவ்வுறவுப் பெண்ணும் அவளுடன் வாழ்ந்த ஆணும் கொலைக் குற்றத்துக்காக ஆயுட்சிறை பெற்றனர். லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. நான்கு சமூக சேவைத் திணைக்களங்கள், மூன்று வீடமைப்பு அதிகார சபைகள், பொலிசாரின் இரண்டு சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு வைத்தியசாலைகள், சிறுவர் நலச் சங்கம் ஒன்றின் நிலையம் ஆகிய யாவும் ஏதோ ஒரு வகையில் அவளை அறிந்திருந்தன. காப்பாற்றுவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு வாய்ப்புகள் வந்து நழுவியதாக அவ்வறிக்கை எண்ணிக் காட்டியது. பலர் கூடினர், பாம்பு சாகவில்லை.

இவை அனைத்திலும் இரண்டு செய்திகள் என்னைச் சுட்டன. முதலாவது, அவள் வேறொரு சிறுமியின் கடவுச்சீட்டிலே கொண்டுவரப்பட்டவள். ஆதலின் கோவைகள் யாவற்றிலும் 'அன்னா' என்றே எழுதப்பட்டாள். அவளுடைய உண்மைப் பெயர் அவள் இறந்த பின்பே தெரியவந்தது. அத்தனை அலுவலகங்கள், அத்தனை கோவைகள். அப்பிள்ளையின் பெயர் என்ன என்பதை ஒருவரும் அறிந்திலர்.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. அவ்வுறவுப் பெண்ணின் முன்னிலையில் விக்ரோறியா விறைத்து நேராக நிற்பாள். அதைக் கண்ட ஒரு பணியாளர், அத்தகைய குடும்பங்களிலே பெரியோருக்குக் காட்டும் மரியாதை அது என்று கொண்டார். அச்சத்தைப் பண்பாடு என்று பெயரிட்டு ஒதுக்கியாயிற்று. பிற இனத்தாரின் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்னும் நல்ல எண்ணமே இங்கு கண்ணை மறைத்தது.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம், பிற நாட்டின் பிழையை அதிற் காணவில்லை; என் பிழையையே கண்டேன்.

என் வகுப்பிலே ஒரு மாணவன்

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றிருந்தாள். அவன் உறவினர் ஒருவர் வீட்டிலே தங்கிப் படித்தான். ஒரு நாளும் எதிர்த்துப் பேசான். கேள்வி கேட்டால் எழுந்து கைகட்டித் தலைகுனிந்து நிற்பான். முற்பகலிலே மேசைமேற் சாய்ந்து தூங்கிவிடுவான். தட்டி எழுப்பினாற் 'மன்னியுங்கோ சேர்' என்பான். அவனுடைய பணிவை மற்ற மாணவருக்கு உதாரணமாகவே காட்டினேன். தவணை அறிக்கையிலே 'ஒழுக்கம் மிக நன்று. படிப்பில் கவனம் போதாது' என்று எழுதினேன்.

இரண்டாந் தவணை முடிந்ததும் அவன் வரவில்லை. உறவினரின் கடையிலே இரவு வெகுநேரம் வரை அவன் வேலை செய்தான் என்பதையும், சுணங்கினால் அடி விழுந்தது என்பதையும், தாங்காமல் எங்கோ போய்விட்டான் என்பதையும் வேறொரு மாணவன் வாயிலாகப் பின்பு அறிந்தேன். தேடிச் சென்றேன், காலம் கடந்திருந்தது. அவனைப் பற்றிய செய்தி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. வரவு இடாப்பிலே ஒவ்வொரு நாளும் அவன் பெயருக்கு நேரே அடையாளம் இட்டவன் நான். 'தம்பி, இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?' என்ற ஒரு வினாவைக் கேளாமல் விட்டவனும் நானே. கைகட்டி நின்றதை ஒழுக்கம் என்றேன். அது அச்சம் என்பதை அறிய எனக்குக் கண்ணோட்டம் இருக்கவில்லை.

நற்பழக்கம் என்பது யாது?

எனவே இப்பணியிலுள்ளோரின் கடமைகளைப் பற்றி நான் இங்கு எழுதுவன மேலிருந்து கூறும் அறிவுரைகள் அல்ல. தவறியவன் ஒருவன் பிறர் தவறாதிருக்க எழுதும் குறிப்புகள் என்று கொள்க.

முதலாவது, பேணப்படுபவரைத் தன் கண்ணாலே பார்த்தல், தனியாகவும் பார்த்தல். வளர்ப்பவரின் முன்னிலையில் 'சுகமாய் இருக்கிறாயா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'ஓம்' என்றே சொல்லும். அவ்விடை ஒரு விடையன்று.

இரண்டாவது, அவரிடமே கேட்டல். இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. முதியவர் ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருக்க, அவர் தலைக்கு மேலாக மகளிடம் 'அப்பு சாப்பிட்டாரோ? இரவில் நித்திரை கொள்கிறாரோ?' என்று வினவுகின்றோம். அப்புவுக்குக் காது கேட்கும், வாயும் பேசும். பி. பி. சி. வானொலியில் 1977 முதல் 1998 வரை உடற்குறையுடையோருக்காக ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. 'அவருக்குச் சீனி போடுவதா?' என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டு, அருகில் நிற்பவரிடம் தேநீருக்குச் சீனி பற்றிக் கேட்கும் வழக்கத்தைச் சுட்டிய பெயர் அது. மனிதரை மனிதராக மதித்தல் என்பது பெரிய கொள்கை. அது தொடங்கும் இடம் இத்தகைய சிறு வினாவே.

மூன்றாவது, கண்டதைக் கண்டவாறு எழுதுதல். 'பிள்ளை நலம்' என்பது முடிவு, கண்டது அன்று. 'இடது கையில் நீலத் தழும்பு. விழுந்ததாகத் தாய் சொன்னார். பிள்ளை பேசவில்லை' என்பதே கண்டது. நாளை இப்பணிக்கு வரும் மற்றொருவர் அதைப் படித்துத் தாமே சிந்திக்க முடியும். நாம் எழுதும் முடிவு பிறருடைய சிந்தனையை மூடிவிடும். நாம் எழுதும் காட்சி அதனைத் திறக்கும்.

நான்காவது, செயல் நிகழும்வரை தொடர்தல். கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதே இத்துறையின் பெருநோய். கடிதம் சென்றதா, படித்தவர் யார், அவர் என்ன செய்தார், பிள்ளை இப்பொழுது எங்கே என்பவற்றுக்கு விடை கிடைக்கும் வரையில் அக்கடிதம் எழுதியவரின் கையிலேயே இருக்கின்றது என்று கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, அறிந்த இரகசியத்தைக் காத்தல். காக்கக் கூடாத இரகசியம் எது என்பதையும் அறிதல். வீட்டுத் துயரங்களைச் சந்தியிலே கதையாகச் சொல்பவர் இப்பணிக்கு உரியரல்லர். அதேவேளை, ஓர் உயிருக்கு ஆபத்து என்று கண்ட பின் 'குடும்ப விடயம்' என்று மௌனம் சாதிப்பவரும் உரியரல்லர்.

இங்கிலாந்திலே 2002 ஆம் ஆண்டில் சமூகப் பராமரிப்புப் பணியாளருக்கென ஓர் ஒழுக்க விதித் தொகுப்பு வெளியிடப்பட்டது. பேணப்படுவோரின் உரிமையைக் காத்தல், அவர்தம் நம்பிக்கையைப் பெறுதல், அவர் தம் காலில் நிற்க உதவுதல், தம் தொழிலறிவை வளர்த்தல் முதலியவற்றை அது ஆறு பிரிவுகளாக வகுத்தது. அதனை வெளியிட்ட பேரவை 2012 இல் இல்லாதொழிந்தது. எனினும் அதிலிருந்த ஒரு சிறப்பைக் குறிப்பிட வேண்டும். பணியாளருக்கு விதி வகுத்தபோதே பணிக்கு அமர்த்துவோருக்கும் உடன் விதி வகுத்தனர். பயிற்சி அளித்தல், மேற்பார்வை செய்தல், தாங்கக்கூடிய அளவு பணியையே சுமத்தல் என்பன அமர்த்துவோரின் கடன். விக்ரோறியாவின் வழக்கிலும் லாமிங் பிரபு தம் கண்டனத்தைக் கீழ்நிலைப் பணியாளரோடு நிறுத்திவிடாமல் மேலிடத்தில் அமர்ந்திருந்தோர் மீதும் செலுத்தினார். பயிற்சியற்ற ஓர் இளம் இலிகிதரைத் தனியே பண்ணைக்கு அனுப்பிவிட்டு, அவர் எழுதியதையும் விரைந்து படியாத ஓர் அலுவலகம், பின்பு அவரைக் குறைகூற உரிமை பெற்றதாகாது.

நம் நாட்டிலே

இலங்கையிலும் இத்துறைக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1939 ஆம் ஆண்டிலேயே சிறுவர், இளைஞர் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சமூகப் பணியைப் பயிற்றுவதற்கென ஒரு கல்வி நிலையம் 1952 இற் கொழும்பிலே தொடங்கியது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைக் காக்க எழுந்தது. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்துச் சிறுவர் துன்பத்தை எவரும் அறிவிக்கலாம். வாயில்கள் இருக்கின்றன. அவற்றைத் தட்டும் கை வேண்டும். தட்டுவதற்கு முன் கண்டுகொள்ளும் கண் வேண்டும்.

அக்கண் பெரும்பாலும் உத்தியோகத்தருடையதாய் இருப்பதில்லை. பிரதேச செயலகத்திலிருந்து வருபவர் மாதத்தில் ஒரு முறை வரலாம். காலையில் எட்டு மணிக்கு அப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர் ஆசிரியரே. விக்ரோறியா பள்ளிக்குச் சென்ற காலத்தில் அவளுக்கு வந்த இடரை உணர்ந்து அறிவித்ததும் பள்ளியே. ஆகவே இவ்விதழைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்பேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை இடாப்பைத் திறக்கும்போது பெயரைக் கூப்பிட்டு அடையாளம் இடுவதோடு நில்லாமல், தலையை நிமிர்த்தி ஒரு முறை பாருங்கள். மிகவும் அமைதியான பிள்ளையைச் சற்று அதிகம் பாருங்கள். கேட்கத் தோன்றினாற் கேளுங்கள். கேட்டதை உரியவரிடம் சொல்லுங்கள். சொன்னது என்ன ஆயிற்று என்று மறுவாரமும் கேளுங்கள்.

அகதா கிறிஸ்ரியின் நாடகத்தைப் பார்த்தோர், கேட்டுக்கொண்டவாறே அதன் மர்மத்தைப் பல்லாண்டு காலம் காத்து வருகின்றனர். அது நல்ல பழக்கந்தான். ஆனால் அரங்குக்கு வெளியே, வீடுகளிலும் இல்லங்களிலும் மூடிக் கிடக்கும் துயரத்துக்கு அப்பழக்கம் பொருந்தாது. அங்கே கண்டவர் சொல்லியே ஆக வேண்டும்.